கிழட்டு ஜீப்புக்கு மலை யோகம்

ஸ்ரீநகரில் கிளம்புகிற தேசிய நெடுஞ்சாலை 44, மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மூச்சு வாங்கி, கடைசியில் எங்கள் கன்னியாகுமரியில் வந்து உட்காருகிறது. அதோடு சேர்ந்து வருஷம் முழுக்க ஒரு கூட்டமும் வந்து இறங்கும். வண்டி முழுக்க ஸ்டிக்கர், தலைக்கு மேல் மடக்குக் கூடாரம், பக்கவாட்டில் மண்வெட்டி, பானெட்டில் துடைக்காத சேறு (அதைத் துடைத்தால் கௌரவக் குறைச்சல்!). கடல் முன்னால் நின்று நாலு போட்டோ. 'அய்யோ, ரோடு முடிஞ்சு போச்சே' என்று ஏக்கமாக ஒரு பார்வை. அப்புறம் யூ டர்ன்.

சார், ரோடு முடிகிற இடத்தில்தானே ஜீப்புக்கு வேலையே ஆரம்பம்? அங்கிருந்து வடமேற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். தக்கலை, குலசேகரம், பேச்சிப்பாறை. மொத்த மாவட்டமே 1,672 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் கடல், வயல், வாழை, மரச்சீனி, ரப்பர், காடு, மலை என்று எல்லாவற்றையும் மளிகைக்கடை அலமாரி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் குளச்சலில் சாளை மீன் வாங்கினால், அது சாகாத கோபத்தோடு மலைக்கு வந்து மத்தியானம் சட்டியில் இறங்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற ஊர். எப்போது போனாலும் சேறு உத்தரவாதம். சேற்றைத் தேடி லடாக் வரை போகிற எங்கள் ஊர்ப் பையன்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

என்னிடம் இருப்பது 1996 மாடல் மஹிந்திரா எம்.எம். 540. ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரை வண்டியை எடுக்கக்கூடாது என்பது விலை பேசும்போதே போட்ட ஷரத்து.

இந்த ஜீப்பின் வம்சாவளி கொஞ்சம் பெரிசு. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் ஜீப்தான் பாட்டன். சுதந்திரத்தை ஒட்டி, 1940களின் கடைசியில், மஹிந்திரா கம்பெனி அதைப் பாகம் பாகமாக இறக்குமதி செய்து பம்பாயில் கோத்துக் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு இங்கேயே செய்தார்கள். பெட்ரோல் விலை ஏற ஏற டீசல் தேவைப்பட்டது. ஒரு காலகட்டத்தில் இந்த ஜீப்புகளில் உட்கார்ந்திருந்தது இன்டர்நேஷனல் டிராக்டரின் எஞ்சின்! நாஞ்சில் என்றாலே கலப்பை என்று அர்த்தம். கலப்பை நாட்டுக்கு டிராக்டர் எஞ்சின் போட்ட ஜீப்பைவிடப் பொருத்தமான சம்பந்தம் உண்டா, சொல்லுங்கள்! என் வண்டியில் இருப்பது அதற்கு அடுத்த தலைமுறை. பிரான்ஸ் நாட்டு பெஜோ டிசைன் டீசல், 2,112 சி.சி., அறுபது சொச்சம் குதிரைசக்தி. ஆக, பாட்டன் அமெரிக்கா, இருதயம் பிரான்ஸ், பிறந்தது மஹாராஷ்டிரா, அடைகாத்தது நாகர்கோவில் கோழி.

அறுபது குதிரை என்றதும் சிரிக்காதீர்கள். ஆபீஸ் போய்வருகிற சின்னக் காரிலேயே இன்றைக்கு எண்பது குதிரை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் என் ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டிக் கம்பிகள் உண்டு. ஒன்றை இழுத்தால் முன் சக்கரங்களும் வேலைக்கு வரும். இன்னொன்று 'லோ'. அதைப் போட்டால் சக்கரம் சுற்றுகிற வேகம் சுமார் இரண்டரையில் ஒரு பங்காகக் குறையும், இழுக்கிற பலம் அதே கணக்கில் ஏறும். நடந்து போகிறவன் நம்மை முந்திவிடுவான். ஆனால் அவனால் ஏறமுடியாத இடத்தில் ஜீப் ஏறும்.

நான் பி.காம். அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் தேய்மானம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு பேச்சுக்குப் புது ஜீப் மூன்று லட்சம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 15 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே வரும் முறையில் 29 வருஷத்துக்குக் கழித்தால் புத்தக மதிப்பு சுமார் 2,700 ரூபாய். 15 வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். அதாவது மாப்பிள்ளையைவிட மாலைக்கு விலை அதிகம். அதுவும் சோதனையில் தேறினால்தான். தேறாவிட்டால் எடைக்குப் போட வேண்டியதுதான். 15 வருஷம் தாண்டிய சர்க்காரின் சொந்த வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1-லிருந்து பதிவே கிடையாது என்று ஆனபின், தாசில்தார் ஜீப், ரேஞ்சர் ஜீப் என்று நாம் பார்த்து வளர்ந்த பல ஜீப்புகள் அந்த வழியாகத்தான் போயின.

இந்த லட்சணத்தில் என் நண்பன் ஒருவன், பேங்க் உத்தியோகஸ்தன், ராத்திரி முழுக்க செல்போனில் வெளிநாட்டு ஜீப் படங்களைப் பார்த்துவிட்டுக் காலையில் ஒரு பட்டியல் அனுப்பினான். முன்னால் விஞ்ச். பக்கத்தில் ஸ்நார்க்கல். முப்பத்து மூன்று இஞ்ச் டயர். கூரைக் கூடாரம். ஒரு கஜ நீளத்துக்கு எல்.இ.டி. விளக்கு. ஃபிரிட்ஜ். இடிதாங்கும் கம்பி. கூட்டிப் பார்த்தேன், ஐந்து லட்சத்தைத் தாண்டியது. வண்டி வாங்கிய விலை அதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு வடசேரி பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் ஆசானிடம் போனோம். எங்கள் ஊரில் வர்மம் படித்தவரைத்தான் ஆசான் என்போம். இவர் படித்தது ஜீப். ஆனாலும் கை அதே கைதான். வண்டியைச் சுற்றி வந்து, நாலு இடத்தில் விரலால் தட்டுவார். எங்கே வலி என்று வண்டியே சொல்லிவிடும்.

பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"விஞ்சா? நம்ம ஜில்லாவுல விஞ்சு ஒண்ணு உண்டும், கோதையாத்துல. கரண்ட்டு ஆபீஸ்காரங்க மலை ஏறுகதுக்கு. அத எதுக்கு நீ ஜீப்புல கட்டுக?"

"ஆசானே, சேத்துல மாட்டிட்டா இழுக்கதுக்கு..."

"மாட்டுத எடத்துக்குப் போவாதடே. ஸ்நார்க்கல்னா என்ன?"

நண்பன் விளக்கினான். தண்ணீரில் மூழ்கிப் போகும்போது எஞ்சின் மூச்சு விடுவதற்கான குழாய்.

"கழுத்தளவு தண்ணியில நீ உள்ளுக்க இருந்து எப்பிடி மூச்சு விடுவ? ஒனக்கும் ஒண்ணு வாங்கணும் என்னா?"

நண்பன் அத்தோடு பட்டியலை மடித்துப் பையில் வைத்தான்.

ஆசான் கிண்டலாகச் சொன்னதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ம் பிரிவு. வண்டி தயாரித்தவர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. முன்னால் கட்டுகிற இடிதாங்கிக் கம்பிக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. மோதினால் அடி முழுவதும் எதிரே நிற்கிற மனுஷனுக்குப் போகிறது, உள்ளே இருக்கிறவர்களின் காற்றுப் பையும் சரியாக வேலை செய்யாது என்பதுதான் காரணம். (என் ஜீப்பில் காற்று என்பது டயரில் மட்டும்தான் உண்டு. அது வேறு விஷயம்.) ஆகவே, ஆபீஸ் போகிற தம்பிமார்களே, படம் பார்த்து சேஸைத் தொடாதீர்கள். வெட்டி ஒட்டிய வண்டி பார்வைக்கு ஜோராக இருக்கும். பதிவு புதுப்பிக்கப் போகும்போது அழ வைக்கும்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? ஆசான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் பிரேக். "ஓடுகதுக்கு முந்தி நிக்கப் படிக்கணும்" என்று நாலு சக்கரத்தையும் கழற்றிப் போட்டார். டிரம், ஷூ, சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிசு. டிரம் பிரேக்கில் தண்ணீர் புகுந்தால் கொஞ்ச நேரம் பிடிக்காது. ஓடையைத் தாண்டியதும் லேசாக மிதித்தபடியே நாலு அடி ஓட்டினால் சூட்டில் உலர்ந்துவிடும். அதைச் சொல்லிக் கொடுத்தது பட்டறையில் டீ வாங்கப் போகிற பொடியன்.

அடுத்தது ஸ்பிரிங் பட்டை. இதில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. தோட்டத்தில் உரமூட்டை ஏற்றுவதற்காகப் பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். ஆசான் அவற்றை உருவி எடுத்துவிட்டார். "ஜீப்ப ஒசத்தணும்னு சொல்லுதாங்க, நீங்க கொறைக்கியளே" என்று நண்பன் கேட்டான். ஆசான் ஒரு செங்கலை எடுத்து ஒரு சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றிக் காட்டினார். பட்டை இறுக்கமாக இருந்தால், மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். அந்தரத்தில் நிற்கிற சக்கரம் சும்மா சுற்றும். எஞ்சின் பலமெல்லாம் சும்மா சுற்றுகிறவனுக்கே போய்ச்சேரும், தரையில் நிற்கிறவனுக்கு ஒன்றும் வராது. டிஃபரென்ஷியலின் குணம் அப்படி. (நம் ஆபீஸ்களில் இன்க்ரிமென்ட் போடுகிற முறையும் இதுவேதான் என்று நண்பன் முணுமுணுத்தான்.) பட்டை இளகியிருந்தால் நாலு காலும் மண்ணில் இருக்கும். நாலு காலும் மண்ணில் இருந்தால் விஞ்ச்சும் வேண்டாம், கிஞ்ச்சும் வேண்டாம்.

மூன்றாவது, ஒரு ரப்பர் குழாய். ஆக்ஸிலுக்கும் கியர் பெட்டிக்கும் மூச்சுவிட ஒரு சின்னத் துவாரம் உண்டு. மலை ஏறிச் சூடான ஆக்ஸில் திடீரென்று குளிர்ந்த ஓடைக்குள் இறங்கினால், உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, அந்தத் துவாரம் வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயில் பால் சாயா நிறத்துக்கு மாறும். பேரிங் போகும், பல் சக்கரம் போகும். ஆசான் அந்தத் துவாரங்களில் குழாய் மாட்டி பானெட்டுக்கு உள்ளே உயரத்தில் கொண்டுவந்து கட்டினார். செலவு நானூற்றுச் சொச்சம்.

நாலாவது ரேடியேட்டர், ஹோஸ், பெல்ட். ஐந்தாவது வயரிங். கோழி கொத்தியது போக மீதி இருந்த வயரை எல்லாம் பிய்த்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் தனி ஃப்யூஸ். கூடார விளக்குக்கும் செல்போனுக்கும் தனியாக ஒரு சின்ன பேட்டரி. எஞ்சின் ஓடும்போது மட்டும் அது சார்ஜ் ஏறும். எஞ்சின் நின்றதும் பெரிய பேட்டரியோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும். ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுவிட்டுக் காலையில் வண்டியைத் தள்ள மலையில் ஆளுக்கு எங்கே போவது?

டயர் பழைய அளவேதான். ஆறு இஞ்ச் அகலம், பதினாறு இஞ்ச் ரிம், பட்டாளத்து ஜீப்புகளில் வருகிற கட்டம் போட்ட டயர். சேறும் கல்லும் வந்தால் காற்றை முப்பதிலிருந்து பதினெட்டுக்கு இறக்க வேண்டும். டயர் பரந்து, யானைப்பாதம் மாதிரி தரையைப் பிடித்துக்கொள்ளும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்ற மறக்கக்கூடாது. அதற்கு ஒரு சின்ன பம்ப்.

ஃபிரிட்ஜுக்குப் பதில் மீன்காரர்களின் ஐஸ் பெட்டி. கரண்ட்டும் வேண்டாம், கம்ப்ரஸரும் வேண்டாம். ஒரே கஷ்டம், எவ்வளவு கழுவினாலும் தயிர் சாதத்தில் லேசாக நெத்திலி மணம் வரும். கோட்டாறில் லாரிக்குப் படுதா தைக்கிற ஒருவர், ஜீப்புக்குப் புதுப் படுதா தைத்து, பின்பக்கம் தாழ்வாரம் மாதிரி நீட்டி விரிக்கவும் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தார். கீழே தரையில் போட ஒரு சாதாரணக் கூடாரம்.

பின்னால் சாமான் வைக்க ரப்பர் மரத்தில் ஒரு பெட்டி. பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டி அப்படியே பலகையாக்கினால் பூச்சி அரித்துவிடும். மருந்து ஏற்றிப் பதப்படுத்தினால் தேக்குக்கு அண்ணன் என்று சொல்ல மாட்டேன், தம்பி என்று சொல்லலாம். பெட்டியை வண்டித் தரையோடு வெல்டு வைத்துவிடலாம், இரண்டு பக்க பெஞ்சு சீட்டையும் எடுத்துவிட்டால் இடம் தாராளம் என்றான் நண்பன். ஆசானுக்கு வந்ததே கோபம்!

"பெஞ்சு கெடக்கட்டும். இது ஆளு கேறுத வண்டி. பொட்டிக்குக் காதுவச்ச நட்டு போடுகேன். ஸ்பேனர் வேண்டாம், கையால கழட்டணும். மூணு நிமிசத்துல பொட்டி வெளிய வரணும், ஆளு உள்ள போவணும்."

மொத்தச் செலவு 58 ஆயிரம். அதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது பெட்டியும் படுதாவும்தான். மீதியெல்லாம் பூமிக்கு மட்டுமே தெரியும்.

சோதனைக்குப் போன அன்று இன்ஸ்பெக்டர் குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். பிரேக் போட்டுப் பார்த்தார். பெட்டியைக் காட்டி, "இது என்ன?" என்றார். நட்டைத் திருகி, பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். "லக்கேஜ் சார்!" மனுஷர் ஒரு நிமிஷம் பெட்டியைப் பார்த்தார், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் ஐந்து வருஷம் ஆயுசு. அன்று ராத்திரி நாகர்கோவில் ரசவடை ஆளுக்கு ஆறு.

வெளிநாட்டுக்காரன் எல்லாம் பெரிசு பெரிசாகச் செய்கிறானே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1955-ல் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர், இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, நம் இந்தியா வழியாக, பர்மாக் காடுகளைத் தாண்டி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச்சேர்ந்தார்கள். அந்த வண்டிகளின் குதிரைசக்தியும் என் ஜீப்பைத் தாண்டாது. அதில் ஒன்று 2019-ல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பவும் ஓடிப் போனது! கிழவர்களைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. நான், பேங்க் நண்பன், என் மச்சினன். எங்கே தங்குவது என்பதில் நான் கறார். மலையடிவாரத்துக் காடு இப்போது கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே போய்க் கூடாரம் போடுவது வீரம் அல்ல, குற்றம். நண்பனின் சித்தப்பாவுக்குப் பேச்சிப்பாறையைத் தாண்டிப் பட்டா நிலத்தில் ரப்பர் தோட்டம் இருந்தது. முன்கூட்டியே கேட்டு, சம்மதம் வாங்கி, அங்கே போனோம்.

பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்தது. திருவிதாங்கூர் மகாராஜா காலத்து வேலை. கட்டிய எஞ்சினியர் மிஞ்சின், ஊர்க்காரர்கள் வாயில் மூக்கன் துரை. அவருடைய சமாதியும் அணைப்பக்கமே இருக்கிறது. தண்ணீர் மூடுபனியில் புகைந்துகொண்டிருந்தது. இந்தத் தண்ணீர்தான் கீழே போய் நாஞ்சில் நாட்டில் நெல்லாகிறது. அணையைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, நாலு கிலோமீட்டர் தோட்டப் பாதை. நடுவில் ஒரு ஓடை.

காற்றை இறக்கினேன். குட்டிக் கம்பி இரண்டையும் இழுத்தேன். ஜீப், பஞ்சாயத்துக்குப் போகிற பெரியவர் மாதிரி, அவசரமே படாமல் ஏறியது. நண்பனுக்கு ஒரே பயம், யானை. 2023 ஜூனில் கேரளத்துச் சின்னக்கானலில் பேர்பெற்ற அரிக்கொம்பனை, கம்பத்தில் பிடித்து, மேல் கோதையாறு பக்கக் காட்டில்தான் கொண்டு விட்டார்கள். "அது அரிசி தேடி வருமாம்லே, நம்ம பெட்டியில அஞ்சு கிலோ அரிசி இருக்கே" என்று வழியெல்லாம் புலம்பினான். கடைசியில் வந்தது அட்டைதான். அதற்கு அரிசி வேண்டாம், பேங்க் ஊழியர் போதும்.

தோட்டத்தில் பால்வெட்டுகிற தம்பதி குடியிருந்தார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஜீப்பைப் பார்த்ததும் சுற்றிச் சுற்றி வந்தார். பின்பக்கத் தகட்டில் கை வைத்துத் தடவினார்.

"இது நம்ம பழைய தோட்டத்து வண்டில்லா அண்ணாச்சி! ரிவர்ஸ் போட்டா ஒரு முக்கல் சத்தம் வரும். இப்பமும் உண்டா?"

ரிவர்ஸ் போட்டுக் காட்டினேன். முக்கியது. மனுஷர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! அவருடைய மூத்த மகள் பிறந்ததுகூட இந்த ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தானாம்.

ராத்திரி மரச்சீனி, சாளைக் கறி. மழை விட்டுவிட்டது. ஆனால் மேலே மலையில் பெய்துகொண்டிருக்கும் சத்தம் மட்டும் ஓடை வழியாக வந்துகொண்டே இருந்தது.

விடிகாலை நாலு மணிக்கு முன்பே மரங்களுக்கு நடுவில் வெளிச்சப் புள்ளிகள் நகர்ந்தன. பால்வெட்டுகிறவர்களின் நெற்றி விளக்குகள். விடிவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு புள்ளி சட்டென்று கீழே சறுக்கியது. அப்புறம் ஒரு சத்தம்.

ஈரச் சரிவில் வழுக்கி, இரண்டு தட்டு கீழே விழுந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு போய்விட்டது, பார்த்தாலே தெரிந்தது. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மேட்டில் ஏறினால்தான் செல்போனுக்கு சிக்னல். மச்சினன் ஓடிப்போய் 108-க்குச் சொன்னான். தார் ரோடு முனை வரைதான் ஆம்புலன்ஸ் வரமுடியும். மீதி நாலு கிலோமீட்டர் எங்கள் பாடு.

காதுவைத்த நட்டு எட்டு. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பெட்டி, ஐஸ் பெட்டி, அடுப்பு எல்லாம் வெளியே. கூடாரக் கம்பி இரண்டை உருவி, காலின் இரு பக்கமும் வைத்து, வேட்டியைக் கிழித்துக் கட்டினோம். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில், மெத்தை விரித்துப் படுக்கவைத்தோம். பின்கதவைத் திறந்து சங்கிலியில் தொங்கவிட்டதால் கால் நீட்ட இடம் கிடைத்தது. ஒரு பெஞ்சில் அவர் மனைவி, மறு பெஞ்சில் காலைப் பிடித்தபடி மச்சினன். நண்பன் முன்னால் டார்ச்சோடு நடந்து வந்தான்.

ஓடை ராத்திரி இருந்ததைவிட ஏறியிருந்தது. நண்பன் பேண்டை மடித்துக்கொண்டு முதலில் இறங்கி நடந்து பார்த்தான். முழங்காலுக்குச் சற்று மேல். நான் கிளட்சில் காலை வைத்து யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்து வலியில் நடுங்குகிற குரல் வந்தது.

"அண்ணாச்சி... எடப்பக்கம் பாறை உண்டும். வலத்த ஒடிச்சு, ரெண்டாவது கல்லுல டயர ஏத்துங்க. வண்டிக்கு அறியும். பைய விட்டாப் போதும்."

பைய விட்டேன். லோ கியரில், முதல் கியரில், ஆக்ஸிலேட்டரை அநேகமாகத் தொடவே இல்லை. தண்ணீர் பம்பரில் வந்து மோதியது. வலது சக்கரம் இரண்டாவது கல்லில் ஏறி, இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கி, ஆனால் நாலும் தரையை விடாமல், அக்கரை. இளகின பட்டையினால் உள்ளே படுத்திருந்தவருக்குக் குலுக்கலும் அவ்வளவாக இல்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். நாலு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிஷம். ஆம்புலன்ஸ் விளக்கு சுழன்றபடி காத்திருந்தது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போனார்கள். கூடாரக் கம்பியும் கூடவே போனது.

ஆம்புலன்ஸில் ஏறுவதற்கு முன் அந்த அம்மா திரும்பி ஒன்று கேட்டார்: "பாலு யாரு எடுப்பா?"

விழுவதற்கு முன் அவர்கள் இரண்டு பேரும் முக்கால்வாசி மரங்களை வெட்டி முடித்திருந்தார்கள். சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. நேரத்துக்கு எடுத்து ஆசிட் ஊற்றி உறையவைத்தால்தான் ஷீட். விட்டுவிட்டால் சிரட்டையிலேயே கட்டியாகி ஒட்டுப்பால் விலைக்குத்தான் போகும். மழை பெய்தால் அதுவும் இல்லை. அன்றைய கூலி அது.

திரும்பிப் போனோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வாளியைக் கொடுத்து, எப்படி வழிப்பது என்று காட்டிக் கொடுத்தார். இருநூற்றுச் சொச்சம் மரம். சரிவில் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி... 'ஆஃப் ரோடு' என்று நண்பன் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான் போல! பதினொரு மணிக்கு வாளிகள் நிறைந்தபோது அவன் கை முடியெல்லாம் பாலில் ஒட்டிக்கொண்டு, வளையல் போட்ட மாதிரி இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மழை கொட்டியது.

அந்தப் பேண்டை அவன் மனைவி மண்ணெண்ணெய், எலுமிச்சை, சோடா உப்பு என்று எல்லாம் போட்டுத் துவைத்துப் பார்த்துவிட்டார். ரப்பர் பால் கறை போகவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. கட்டுப் பிரித்துவிட்டார்களாம், கம்பு ஊன்றி நடக்கிறாராம், தையிலே மறுபடி வெட்டுக்கு இறங்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

"அண்ணாச்சி, ஒங்க கூடாரக் கம்பி ரெண்டும் இங்கதான் இருக்கு. பொடலங்கா பந்தலுக்கு நாட்டியிருக்கேன். வேணும்னா புடுங்கி வைக்கட்டா?"

"காய்ச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பிஞ்சு விட்டிருக்கு."

அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.